இரண்டு அங்குலம் விட்டு

ஏப்ரலில் முப்பத்துநான்கு.
வெயில் விடுமுறை கழிந்து பள்ளி திறக்கிற வாரம்
முப்பத்தெட்டு.
அளவு நோட்டில் தருணேஷின் பக்கம் இது:
பிளாட் 1104, எட்டாம் வகுப்பு,
சாம்பல் பேண்ட் மூன்று, அவசரம்.

வளரும் பிள்ளைகளுக்கு
உள்ளே இரண்டு அங்குலம் விட்டுத்தான் தைப்பேன்.
காலடியில் மடித்துவைத்தது மடித்தபடியே இருக்கிறது.
இடுப்பில் விட்டது
போன வருஷமே பிரித்தாயிற்று.

ஷார்ஜா அல் நஹ்தாவில்
இருபது மாடிக் கட்டடத்தின் கால்மாட்டில் என் கடை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கிங்.
சாயங்காலம் ஆறு மணிக்கும்
கார்க் கைப்பிடியைத் துணி சுற்றித்தான் தொட வேண்டும்.
நவம்பர் வந்தால் பையன்கள் பந்தோடு இறங்குவார்கள்.
ஒரு லேண்ட் குரூசரின் கண்ணாடி உடைந்ததிலிருந்து
வாட்ச்மேன் குல் ஜமான் பந்துகளைப் பிடுங்கித்
தன் நாற்காலிக்கடியில் போட்டுக்கொள்கிறார்.
ஏழு பந்துகள்.
யாரும் பார்க்காத நேரம் ஒன்றை வெளியே எடுத்துச்
செருப்புக் காலால் உருட்டிக்கொண்டிருப்பார்,
காற்றுப் போன ஒன்றை.

கிராசரி ஷம்சீர்
நாளுக்கு நாற்பது தடவை லிப்டில் ஏறி இறங்குகிறான்.
எலும்பும் தோலுமாய் இருக்கிறான்.
1104-க்கு நாலு மணிக்கு ஒருமுறை:
பொரோட்டாவில் சீஸ் தடவி சிப்ஸ் நொறுக்கிச் சுருட்டியது இரண்டு,
பெரிய பாட்டில் பெப்சி.
எட்டு மணிக்கு இன்னொருமுறை.
"கதவு ஒரு சாண்தான் திறக்கும் இக்கா,
கை மட்டும் வெளியே வரும்.
காசு நோட்டில் எழுதிக்கச் சொல்லும்."

அப்பா ருவைஸில், ரெண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை.
அம்மா மீனலோசனி துபாயில் ஒரு கிளினிக் வரவேற்பில்.
பன்னிரண்டு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம்,
முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி.
அவளைக் குறை சொல்ல என் நாக்குக்கு என்ன தகுதி?
நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறவன்.
சர்க்கரை மாத்திரையைக்
கரக் டீயால் விழுங்குகிறவன்.

டேப்பைச் சுற்றினால் மூச்சை இழுத்துக்கொள்வான்.
நான் ஒன்றும் சொல்வதில்லை,
சுண்ணக்கட்டி தேடுவதுபோல் காத்திருப்பேன்.
எத்தனை நேரம்தான் பிடிப்பான்.
விடும்போது
டேப் என் விரலை உருவிக்கொண்டு போகும்.

பின்கழுத்தில் கருப்பாய் ஒரு பட்டை.
சுற்றிலும் தோல் கன்றிச் சிவந்திருந்தது.
"அழுக்குன்னு அம்மா தேச்சாங்க அங்கிள். போகல."
அது தேய்த்தால் போகாது.
எனக்குத் தெரியும், என் கழுத்திலும் இருக்கிறது.
நான் காலரை உயர்த்தித் தைத்துக்கொள்கிறேன்.

வியாழன் இரவு, ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு,
குனிந்து உள்ளே வந்தான்.
குனிந்ததற்கே இரைத்தது.
கையில் இரண்டு டிராக் பேண்ட்.
ஒன்று புதிது. ஒன்று ஐந்தாம் வகுப்பில் போட்டது.
"இதோட லேபிளை எடுத்து
அதுல வெச்சுத் தெச்சுத் தருவீங்களா?"
ஏன் என்று கேட்டிருக்க வேண்டாம்.
"பி.டி. பீரியட்ல பின்னாடி இழுத்து
நம்பரைச் சத்தமாப் படிக்கிறாங்க.
அப்புறம் எல்லாரும் டபுள் டோர்னு கூப்பிடுறாங்க."
சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.
அந்தச் சிரிப்பு
அவன் அளவுக்குத் தைத்ததில்லை.

நூலால் பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை.
கூனலை மறைத்திருக்கிறேன்,
ஆறாம் மாதத்தை நிக்காஹ்வரை மறைத்திருக்கிறேன்.
லேபிள் என்ன, நாலு தையல்.
பிளேடால் நோகாமல் பிரித்தேன்,
சின்ன எண்ணை வைத்து ஓட்டினேன்.
காசு வாங்கவில்லை.
நட, ஓடு, பெப்சியை விடு என்று
ஏதாவது சொல்லியிருக்கலாம்.
வாய் வரவில்லை.
நான் ஊசியில் நூல் கோக்கிற வரைக்கும்
அவன் நின்றுகொண்டே இருந்தான்,
ஸ்டூல் காலியாக இருந்தும்.
போன மாதம் ஒரு கால் விரிசல் விட்டது, அவன் உட்கார்ந்தபோது.
சணலால் கட்டிவைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டான்.

பிரித்தெடுத்த பெரிய லேபிள்
பொத்தான் டப்பாவில் கிடக்கிறது.
எறிய நினைத்துக் கையில் எடுத்தேன், இரண்டு தடவை.
பதிமூன்று வயது.
முப்பத்தெட்டு.
எனக்கு ஐம்பத்திரண்டு,
என் பேண்டுக்கும் அதே அளவுதான்.